சரியான நேரத்தைத் தவறு என்று எழுதினேன்

“உங்க ஆப் தப்பாக் காட்டுதுன்னு நீங்களே எழுதிப் போடணும்ணா.”

மாடிப்படி ஏறி வந்த மூச்சு அவளுக்கு இன்னும் அடங்கவில்லை. தோளில் சாப்பாட்டுப் பை, கையில் போன். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செல்போன் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறைதான் எங்கள் ஆபீஸ். இரண்டு மேசை, ஒரு ஃபேன், கீழே கடையில் யாராவது ரிங்டோன் சோதித்தால் அப்படியே மேலே கேட்கும். அவளை அதற்கு முன் நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் பெயரைச் சொன்னதும் எழுந்தே நின்றுவிட்டேன். எங்கள் ஆப்பில் அந்த வாரம் முதலிடம் அவள்தான்.

பவித்ரா என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. ஊர், வேலை பார்க்கும் கடை எல்லாவற்றையும் மாற்றியோ மறைத்தோதான் எழுதுகிறேன். வேப்பந்தட்டை தாலுகாவில் ஓர் ஊர், டவுன் பஸ்ஸுக்கு அதுதான் கடைசி நிறுத்தம் என்ற அளவில் தெரிந்தால் போதும்.

“எங்க ஆப் தப்பாக் காட்டாதே” என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

“தெரியும்ணா. சரியாக் காட்டுனதுதான் பிரச்சினை.”

யாரு சொன்னா

கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

‘வந்துருச்சா’ என்ற அந்த ஆப்பை நானும் நிசாரும் சேர்ந்து செய்தோம். நான் அரியலூர்ப் பக்கம். சிமென்ட் லாரிக்குப் பின்னால் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டே காலேஜுக்குப் போய் வந்தவன். நிசார் லப்பைக்குடிக்காட்டுக்காரன். ஒரே வகுப்பு, ஒரே பெஞ்ச். நிரல் நான் எழுதுவேன், திரை எப்படி இருக்க வேண்டும் என்பதை அவன் முடிவு செய்வான்.

அவன் வடிவமைப்புப் படித்தது காலேஜில் அல்ல, அப்பாவைப் பார்த்து. “எங்க அத்தா பதினஞ்சு வருசமா சவுதியில இருக்காரு மாப்ள. போன்ல அவருக்குத் தெரிஞ்சது ரெண்டு பட்டன். பச்ச, செவப்பு. அவரால அமுக்க முடியாததை நான் டிசைன் பண்ண மாட்டேன்” என்பான். அதனால் எங்கள் ஆப்பிலும் ஒரே ஒரு பெரிய பச்சைப் பட்டன். ‘ஏறிட்டேன்’.

யோசனை எளிமையானது. பஸ்ஸில் ஏறியவர் அந்தப் பட்டனை அழுத்தினால், எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு பஸ் இருந்தது என்று அடுத்தடுத்த நிறுத்தங்களில் நிற்பவர்களுக்குத் தெரியும். மணிக்கு ஒன்று என்று வரும் டவுன் பஸ்ஸுக்கு இது பெரிய விஷயம். பெண்களுக்கு அதில் கட்டணம் கிடையாது என்பதால் வேறு பஸ் எதிரிலேயே வந்து நின்றாலும் ஏற மாட்டார்கள். அது தாண்டிப் போய்விட்டதா, இனிமேல்தான் வருமா? அந்தக் கேள்வியிலேயே முக்கால் மணி நேரம் போகும்.

பட்டனில் என்ன எழுதுவது என்பதற்கே ஒரு வாரம் ஆனது. மென்பொருளைத் தமிழாக்கும் இணையக் குழு ஒன்றில் நான் அப்போது உறுப்பினர். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஆட்கள். ‘பயணம் துவங்கியது’ என்றார் ஒருவர். ‘தொடங்கியது’தான் சரி என்றார் இன்னொருவர். எழுபது பதிவு வரை சண்டை போனது. நிசார் எட்டிப் பார்த்துவிட்டு, “இவங்கள்ல யாராச்சும் பஸ்ஸுல போறாங்களாடா?” என்று கேட்டான். ‘ஏறிட்டேன்’ என்று வைத்துவிட்டோம்.

முதலில் அழுத்தியவர் பெயர் தெரியாது. ‘ஒரு பயணி ஏறினார், 8.10’ என்று மட்டும் வரும். வெளிநாட்டு ஆப்களைப் பார்த்து அப்படி வைத்திருந்தேன்.

யாரும் நம்பவில்லை.

பஸ் ஸ்டாண்டில் கத்தரிக்காய்க் கூடையோடு நின்ற ஓர் அம்மாவிடம் போனைக் காட்டி, “இன்னும் பத்து நிமிசத்துல வந்துரும்ங்க” என்றேன்.

“யாரு சொன்னா?”

“ஆப் சொல்லுதுங்க.”

“ஆப்பு பஸ்ஸுல ஒக்காந்துருக்கா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு மாடிப்படி ஏறி வந்தது. எங்கள் பக்கத்தில் மழை வரும் என்றாலும் சரி, மக்காச்சோளம் விலை ஏறும் என்றாலும் சரி, முதல் கேள்வி ‘யாரு சொன்னா’ என்பதுதான். சொன்ன ஆளைத் தெரிந்தால்தான் சொன்னது சேதி. இல்லாவிட்டால் அது வெறும் பேச்சு.

அன்றைக்கே மாற்றினேன். ‘செல்வி ஏறினார், எசனை, 8.10’. பெயர், ஊர், நேரம்.

பிடித்துக்கொண்டது. ஒரே மாதத்தில் பூலாம்பாடி வரை ஆள் சேர்ந்தார்கள். “நம்ம செல்விதான் போட்டுருக்கு, அது பொய் சொல்லாது” என்று பஸ் நிறுத்தத்தில் பேசிக்கொள்வதை என் காதாலேயே கேட்டேன். அந்த ஒரு வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

ரோஜாப்பூ பார்டர்

அத்தோடு நின்றிருக்கலாம். எனக்குத்தான் கை சும்மா இருக்காதே.

பெயர் போட்டால் நம்புகிறார்கள் என்றால், பெயரைப் பெரிதாகப் போட்டால் இன்னும் நிறையப் பேர் அழுத்துவார்கள் என்று தோன்றியது. எங்கள் ஊர்ப்பக்கம் காது குத்துக்கு ஃப்ளெக்ஸ், பிறந்த நாளுக்கு ஃப்ளெக்ஸ், பையன் பத்தாவது பாஸானால் முச்சந்தியில் ஃப்ளெக்ஸ். அதை ஏன் ஆப்புக்குள் கொண்டுவரக் கூடாது?

ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த வாரம் அதிக முறை அழுத்தியவருக்கு ஒரு வாழ்த்து அட்டை. யாரும் உட்கார்ந்து செய்ய வேண்டியதில்லை, ஆப்பே செய்துவிடும். சுற்றிலும் ரோஜாப்பூ பார்டர், நடுவில் தங்க நிறத்தில் பெயர், ஊர், ‘இந்த வார நட்சத்திரம்’. கீழே சான்றுபோல, அந்த ஏழு நாளும் அவர் எந்த நிறுத்தத்தில் எத்தனை மணிக்கு ஏறினார் என்ற பட்டியல்.

அந்தப் பட்டியல் நிசாருக்குப் பிடிக்கவில்லை. “அட்டைக்கு எதுக்குடா கணக்கு? அசிங்கமா இருக்கு” என்றான். அவன் சொன்னது அழகைப் பற்றி. ஏழு நாள் தரவை அழகாக அடுக்கிக் காட்டுவதுதான் என் திறமை என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். விடவில்லை.

ஆப் வைத்திருப்பவர்களுக்காக நாங்கள் நடத்திய வாட்ஸ்அப் குழுவில் பவித்ராவின் அட்டை வந்தது. அவளுடைய சித்தப்பா அதில் இருந்தார். மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ‘எங்க வூட்டுப் பொண்ணு’ என்று எழுதித் தன் ஸ்டேட்டஸில் வைத்து, பங்காளிகள் குழுவுக்கும் அனுப்பிவிட்டார்.

முதல் பன்னிரண்டு பதிலும் கைதட்டல். பதின்மூன்றாவதாக ஒருவர் அட்டையைப் பெரிதாக்கிப் படித்திருக்கிறார்.

‘செவ்வாயும் வியாழனும் 6.50க்கு லைப்ரரி ஸ்டாப்புனு போட்டுருக்கே. எங்க மச்சினிச்சியும் அந்தக் கடைதான். அஞ்சு மணிக்கே ஷிஃப்ட் முடிஞ்சுருமே. பொண்ணு ரெண்டு மணி நேரம் எங்க போவுது?’

சேர்த்து வைத்த ஏழு நாள்

இதைத்தான் அவள் நின்றபடியே சொன்னாள். ஜவுளிக் கடையில் பில் போடும் வேலை. ஐந்து மணிக்கு முடியும். வீட்டில் ஆறரை என்று சொல்லியிருந்தாள். செவ்வாயும் வியாழனும் அந்த நேரத்தில் நூலகத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். மற்ற நாட்களில் கடையிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து படித்துவிட்டு வருவாள்.

“படிக்கத்தானே போறீங்க, வூட்ல சொல்லிட்டா என்ன?”

“ஒரு தடவ எழுதி வரலண்ணா. பெரியப்பா, சித்தப்பா எல்லாம் கூடி, போதும், வர்ற தையில கல்யாணம்னு பேசி முடிச்சுட்டாங்க. இன்னும் ஏழு வாரந்தான் இருக்கு பரீட்சைக்கு. இப்ப கடைக்கே போவ வேணாம்ங்கிறாங்க.”

“நாளையில இருந்தேவா?”

“திங்கக்கிழம வரைக்கும் அப்பா டைம் வாங்கிக் குடுத்துருக்கு. அதுக்குள்ள நீங்க அந்த அட்டை தப்புன்னு போட்டா பொழச்சுக்குவேன்.”

எனக்கு ஒரு சந்தேகம். கேட்காமல் இருக்க முடியவில்லை. “மறைக்கணும்னா அந்த ஸ்டாப்புல ஏன் பட்டனை அமுக்குனீங்க?”

அவள் என்னை ஏதோ புரியாதவனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “அடுத்த ஸ்டாப் ஆஸ்பத்திரிண்ணா. அங்க ஒரு ஆயாம்மா கால் வலியோட நிக்கும். நான் அமுக்குனாத்தான் அது உள்ள இருந்து எந்திரிச்சு வெளிய வரும். அமுக்குனா, பஸ் போனதும் அதுவும் போயிரும்னு நெனச்சேன். நீங்க சேத்து வெச்சுக்கிட்டே இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாது.”

நான் எந்த பஸ்ஸில் ஏறினேன், ஏன் அதற்கு அடுத்ததில் வரவில்லை என்று என் வாழ்நாளில் யாரும் கேட்டதில்லை. காலேஜ் முடிந்து எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போனாலும், “சாப்புட்டியா?” என்பதுதான் கேள்வி. அதனால் ஒரு நேரத்தையும் ஒரு நிறுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது ஒரு குற்றப் பத்திரிகையாக ஆகலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்ற வேண்டிய அவசியமே இல்லாத இடத்தில் உட்கார்ந்து அதை வடிவமைத்திருக்கிறேன்.

இவ்வளவும் புரிந்தும், “சரி, எழுதுறேன்” என்று வாய் வரவில்லை. இதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு வருடம் ராப்பகலாகச் செய்த ஆப். அது நிமிடம் தவறாமல் காட்டும் என்பது ஒன்றுதான் எங்கள் மூலதனம். அதை நானே தப்பு என்று எழுதினால் நாளைக்கு யார் நம்புவார்கள்?

“நாளைக்குச் சொல்றேங்க” என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள். நிசார் தன் மேசையிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

“இல்லாத பிழையை இருக்குன்னு எப்படிடா எழுதறது?” என்று அவனிடம் கேட்டேன்.

“பிழை இல்லைன்னு எவன் சொன்னான்? நேரத்துல இல்ல. அவ்வளவுதான்” என்றான்.

சோளத் தூசி

மறுநாள் காலையில் ஒருவர் படியேறி வந்தார். மக்காச்சோளம் அடிக்கிற நேரம். சட்டை, புருவம் எங்கும் சோளத் தூசி. செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, “பஸ் நேரம் காட்டுற ஆளுங்க நீங்கதானுங்களா தம்பி?” என்றார். “பவித்ரா அப்பா.”

நிசார் நாற்காலியை இழுத்துப் போட்டான். அவர் உட்கார்ந்தார்.

“உங்க ஆப்புல நேரம் சரியாக் காட்டுமா?”

நேற்றிலிருந்து ஒத்திகை பார்த்திருந்த கேள்விதான். “சில சமயம்… தப்பாவும் காட்டுங்கய்யா” என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

“நல்லாத்தான் காட்டுது. நேத்து எங்கூரு ஸ்டாப்புல நின்னு மச்சான் போன்ல பாத்தேன். சொன்ன நேரத்துக்கு டான்னு வந்து நிக்குது.”

அவர் நாற்காலியை மேசைக்கு அருகில் இழுத்துக்கொண்டார்.

“எம் பொண்ணு படிக்கப் போவுதுன்னு எனக்கு ரெண்டு மாசமாத் தெரியும் தம்பி. கட்டிலுக்கு அடியில லைப்ரரி முத்திரை போட்ட பொஸ்தகமாக் கெடக்குது. எனக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்ல.”

“அப்பறம் ஏங்கய்யா கேக்காம வுட்டீங்க?” நிசார்தான் கேட்டான்.

“கேட்டா எனக்குத் தெரிஞ்சதா ஆயிருமே. தெரிஞ்சேதான் வுட்டியான்னு எங்கண்ணன் நாளைக்கு என்னைய நிறுத்திக் கேக்கும். எனக்குத் தெரியாத வரைக்கும் அதுபாட்டுக்குப் படிச்சுட்டுப் போவும். அப்படித்தான் ஓட்டிக்கிட்டு இருந்தேன்.” துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இப்ப குரூப்புல அத்தனை பேரும் பாத்துட்டான். தெரியாதுன்னு எங்க போயி உக்காரது? நீங்க தப்புன்னு ஒரு வரி எழுதிப் போடுங்க. அதைக் காட்டி எல்லார் வாயையும் அடைச்சுருவேன்.”

“நேத்து பவித்ராவும்…” என்று நான் ஆரம்பிக்க, மேசைக்கு அடியில் நிசார் என் காலை மிதித்தான்.

அவர் எழுந்துகொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பி, “நான் வந்தது அதுக்குத் தெரிய வேணாம்” என்றார்.

எனக்கு வேடிக்கையாகவும் வேதனையாகவும் இருந்தது. ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே பொய்யைக் கேட்டு ஒரே மாடிப்படி ஏறியிருக்கிறார்கள்.

அன்று மதியம் என் பெயரிலேயே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: ‘சென்ற வார வாழ்த்து அட்டையில் நிறுத்தங்களும் நேரங்களும் தவறாகப் பதிவாகிவிட்டன. பிழை முழுக்க எங்களுடையது. சம்பந்தப்பட்டவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.’

கேலி வருவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ‘அப்ப முந்தாநாள் நான் வெயில்ல நின்னதும் உங்க புண்ணியந்தானா?’ என்றார் ஒருவர். ‘இதுக்குத்தான் இன்ஜினியரிங் படிச்சீங்களா தம்பிகளா?’ என்றார் இன்னொருவர். முதன்முதலில் எங்களை நம்பிய செல்வியக்கா ஒன்றும் சொல்லாமல் குழுவிலிருந்து விலகினார். மற்றதெல்லாம் தாங்கிக்கொண்டேன். அதுதான் வலித்தது.

ஆனால் திங்கட்கிழமை பவித்ரா கடைக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை நூலகத்துக்கும் போனாள்.

நாங்கள் அட்டையைத் தூக்கினோம். பெயரை எடுத்தோம். பஸ் கடைசி நிறுத்தத்தைத் தொட்டதும் அந்தப் பதிவு மொத்தமாக அழிந்துபோகும்படி செய்தோம். எழுதுவதைவிட, எழுதியதை மறக்கும்படி ஒரு நிரலுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் சிரமம் என்று அப்போது தெரிந்துகொண்டேன். நான்கு நாள் ஆனது.

மறுபடி ‘ஒரு பயணி ஏறினார்’. மறுபடி யாரும் நம்பவில்லை. அழுத்துவோர் குறைந்து குறைந்து, சில நாள் முழுக்க ஒரு பதிவும் இருக்காது. நம்பிக்கையையும் மறைவையும் ஒன்றாகக் கொடுக்கும் வடிவம் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். கண்டுபிடித்துவிட்டதாக யாராவது சொன்னால் உடனே நம்புவதாக இல்லை.

முதல் பஸ்

ஏழு வாரம் கழித்து ஒரு விடியற்காலை போன் அடித்தது.

“தம்பி, பவித்ரா அப்பா பேசறேன். இன்னைக்குத் திருச்சியில பரீட்சை. நாந்தான் கூட்டிக்கிட்டுப் போறேன்.”

“அப்படிங்களா! வூட்ல எல்லாருக்கும்…”

“நேத்துதான் சொன்னேன். இனிமே யாரு என்ன பண்ண முடியும்? அதை வுடுங்க. ரெண்டு நாளா மொத பஸ் எங்கூருக்கு வரல. இன்னைக்கும் வரலைன்னா வேற வண்டி பாக்கணும். உங்க ஆப்புல ஏதாச்சும் காட்டுதா?”

தூக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஐயா, அது தப்பாக் காட்டும்னு நானே எழுதியிருக்கேனே.”

“அது ஊருக்கு. எனக்குச் சொல்லுங்க.”

திறந்து பார்த்தேன். வெற்றுத் திரை. அந்த நேரத்துக்கு அழுத்த யார் இருக்கிறார்கள்?

“கொஞ்ச நேரத்துல காட்டும்ங்கய்யா. பவித்ராவ ஆப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு ஸ்டாப்புக்கு வரச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டியபடியே வண்டியை எடுத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் அந்த டவுன் பஸ் இன்ஜின் உறும நின்றுகொண்டிருந்தது. கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். கடைசி நிறுத்தம் வரை போகுமா என்று இரண்டு தடவை கேட்டேன். “போவாம இங்கியே நிக்கவா கெளப்பிருக்கோம்? ஏறு தம்பி” என்றார். ஏறினேன். உள்ளே பூக்கூடையோடு இரண்டு பெண்கள், தூங்கி வழியும் ஒரு பெரியவர், நான்.

பச்சைப் பட்டனை அழுத்தினேன். ‘ஒரு பயணி ஏறினார்.’

திரையின் ஓரத்தில் நிசார் ஒரு சிறிய எண் வைத்திருந்தான். இந்த பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள் இப்போது எத்தனை போனில் பார்க்கிறார்கள் என்பது அது. நல்ல நாளில் நாற்பது, ஐம்பது இருந்ததுண்டு. அன்றைக்கு அது 1.

நூலகத்தைத் தாண்டும்போது அழுத்தினேன். ஆஸ்பத்திரியில் அழுத்தினேன். எசனையில் அழுத்தினேன். ஆத்தூர் ரோட்டை விட்டு உள்ளே திரும்பியதும் சிக்னல் போய்விட்டது. போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டேன். குளிர்காற்றில் விரல் மரத்துப்போனது. பூக்காரம்மா, “தம்பி, கையை உள்ள வெய்யி, மரம் அடிச்சுரும்” என்று திட்டினார். சோளக்காட்டைத் தாண்டியதும் சிக்னல் வந்தது. உடனே மறுபடி அழுத்தினேன். எண் அப்படியேதான் இருந்தது. 1.

கடைசி வளைவு. பஸ்ஸின் விளக்கு வெளிச்சத்தில் வெள்ளை வேட்டி ஒன்றும், அதற்குப் பக்கத்தில் தோள்பையோடு ஓர் உருவமும் தெரிந்தன. அந்த உருவத்தின் முகத்தில் போன் வெளிச்சம்.

பஸ் நின்றது. போன் வெளிச்சம் அணைந்தது. என் திரையில் 1 மறைந்து 0 ஆனது. அதன் பிறகுதான் அவள் படியில் கால் வைத்தாள்.